ஹடூப் 3: வன்னியில் எங்கட பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தரவுப் பொறியியல் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள். சிலர் வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். இன்னும் சிலர் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கம்பனிகளுக்கு வேலை செய்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஹடூப் 2இல் இருந்து 3க்கு மாறுகிற வேலையில் மாட்டிக்கொள்கிறார்கள், அன்றிரவே எனக்கு வாட்ஸ்அப் வருகிறது.

ஒரே பதிலைப் பலமுறை எழுதிவிட்டேன். அவசரத்தில் எழுதியதால் சில தடவை அரைகுறையாகவும் சொல்லியிருக்கிறேன். அதனால் ஆறுதலாக உட்கார்ந்து இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

அக்கா, ஹடூப் எண்டா என்ன எண்டு முதல்ல ஒருக்கா வடிவா சொல்லுங்கோ.

ஒரு கணினியில் அடங்காத தரவைப் பல கணினிகளில் பிரித்து வைத்து, அவை எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரிப் பாவிக்க உதவுகிற திறந்த மூல மென்பொருள். அதற்குள் முக்கியமான பகுதிகள் மூன்று. தரவைச் சேமிப்பது எச்டிஎஃப்எஸ். எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம், எத்தனை சிபியு என்று பங்கிடுவது யார்ன். கணக்கைச் செய்வது மேப்ரெடியூஸ். இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் ஸ்பார்க் என்ற இன்னொரு கணக்கிடும் மென்பொருள்தான் ஓடுகிறது.

எச்டிஎஃப்எஸ் ஒரு பெரிய ஃபைலை 128 எம்பித் துண்டுகளாக வெட்டி, டேட்டாநோட் எனப்படும் சேர்வர்களில் வைக்கும். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற இடாப்பு நேம்நோட்டிடம் இருக்கும். இந்த இரண்டு பெயரும் கீழே திரும்பத் திரும்ப வரும்.

ஹடூப் 3 வந்து எவ்வளவு காலம், இன்னும் ஏன் புது வெளியீடு எண்டு படிப்பிக்கிறியள்?

3.0.0 வந்தது 2017 டிசம்பரில். அதற்குப் பிறகு 2018இல் 3.1, 2019இல் 3.2, 2020இல் 3.3, 2024இல் 3.4 என்று வந்தபடி இருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் சேமிப்புத் தளத்தை லேசில் தொடாது. ஓடுகிற கிளஸ்டரை (ஒன்றாகச் சேர்த்த சேர்வர்க் கூட்டத்தை) ஏன் குழப்புவான் என்று வருடக்கணக்கில் 2இலேயே இருந்துவிட்டு, ஆதரவு முடியும் நேரத்தில்தான் மாற வெளிக்கிடுவார்கள். அந்த வேலைதான் உங்கள் கைக்கு வருகிறது. 3 என்று நான் சொல்லும்போது இந்த முழு வரிசையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எந்தச் சிறு பதிப்பில் எது வந்தது என்பது முக்கியமான இடத்தில் தனியாகச் சொல்வேன்.

எங்கட ஊர்த் தரவுக்கு இது தேவையோ? இரணைமடுத் தண்ணி அளவை இதுக்குள்ள போடலாமோ?

போடலாம், ஆனால் தேவையில்லை. கணக்குப் பார்ப்போம். ஒரு குளத்தின் நீர்மட்டத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் நாளுக்கு 96 வரி, வருடத்துக்கு 35,040 வரி. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு என்று சேர்த்துக்கொண்டே போய் நூறு குளங்கள் வந்தாலும் வருடத்துக்கு 35 லட்சம் வரிதான். உங்கள் மடிக்கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற சாதாரணத் தரவுத்தளம் இதைத் தூக்கத்திலும் செய்யும்.

இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் முகம் வாடிவிடுவார்கள். வாட வேண்டாம். தொலைத்தொடர்பு, வங்கி, காப்புறுதி என்று கோடிக்கணக்கான வரி நாளாந்தம் வருகிற இடங்களில் இது வேண்டும், அந்த வேலைகளை மல்லாவியில் இருந்தும் செய்யலாம். குளத்துத் தரவை வைத்துப் பழகுங்கள். எனக்கும் அதுதான் பிடித்த பயிற்சித் தரவு. 2018 டிசம்பர் வெள்ளத்தை நேரில் பார்த்த பிள்ளைக்கு அந்த எண்களில் எது பிழையான பதிவு, எது உண்மையான ஏற்றம் என்று பார்த்தவுடன் தெரியும்.

ஹடூப் 3இல மிக முக்கியமான மாற்றம் எது? ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ.

இரேஷர் கோடிங். மற்றவை வசதிகள். இது சேமிப்பின் அடிப்படைக் கணக்கையே மாற்றியது.

ஹடூப் 2இல் ஒவ்வொரு துண்டையும் மூன்று பிரதி எடுத்து வைப்போம். 600 எம்பி ஃபைலுக்கு 1,800 எம்பி இடம் போகும். டிஸ்க் மலிவு என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. டொலர் விலையில் சேர்வர் டிஸ்க் வாங்கிப் பார்த்தவர்களிடம் அதைச் சொல்லாதீர்கள்.

இரேஷர் கோடிங் பிரதி எடுக்காது, கணக்கை எழுதி வைக்கும். கமக்காரர் அமைப்பில் இரண்டு பேர் நெல் மூடைக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவரின் துண்டில் 37, மற்றவரின் துண்டில் 25. இரண்டையும் கூட்டி 62 என்று மூன்றாவது ஆள் ஒரு துண்டில் எழுதிவைக்கிறார். முதல் ஆளின் துண்டைக் கறையான் அரித்துவிட்டால் 62இல் 25 போக 37 என்று மீட்டுவிடலாம். இரண்டாவது போனாலும் அப்படித்தான். இரண்டு துண்டுக்கும் தனித்தனிப் பிரதி வைத்தால் மொத்தம் நான்கு துண்டு வேண்டும். இங்கே மூன்றே போதும். ஹடூப் இதையே கூட்டலுக்குப் பதிலாக ரீட்-சொலமன் என்ற கணிதத்தால் செய்கிறது. 6-3 என்ற வழக்கமான ஏற்பாட்டில் 6 தரவுத் துண்டுக்கு, மூன்றாவது ஆள் எழுதிய துண்டு மாதிரி, 3 சமநிலைத் துண்டு. ஒன்பதில் எந்த மூன்று தொலைந்தாலும் மீட்கலாம். 600 எம்பிக்கு 900 எம்பிதான் போகும். மூன்று பிரதி முறையில் இரண்டு இழப்பைத்தான் தாங்கலாம், இதில் மூன்றைத் தாங்கலாம். பாதி இடம், கூடுதல் பாதுகாப்பு.

அப்ப மூண்டு பிரதியை விட்டிடலாம்தானே?

விட வேண்டாம். மேலே சொன்ன கணக்கில் ஒரு செலவை நான் இன்னும் சொல்லவில்லை. பிரதி முறையில் ஒரு துண்டு தொலைந்தால் இன்னொரு பிரதியை அப்படியே எடுத்து வைத்தால் முடிந்தது. இரேஷர் கோடிங்கில் ஒரு துண்டை மீட்க மிச்சத் துண்டுகளில் ஆறை ஆறு சேர்வர்களிலிருந்து இழுத்து, கணக்குப் போட வேண்டும். நெட்வொர்க்கும் சிபியுவும் அதற்குப் போகும். சாதாரணமாக வாசிக்கும்போதும் தரவு பல சேர்வர்களில் கீற்றுக் கீற்றாகக் கிடப்பதால், தரவு இருக்கும் இடத்திலேயே கணக்கைச் செய்கிற ஹடூப்பின் பழைய நன்மை போய்விடும். இன்டெல் சிபியுவாக இருந்தால் ஐசா-எல் என்ற நூலகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு வேகமாகும். நெட்வொர்க்குக்கு அது உதவாது.

அதனால் நாளாந்தம் தொடுகிற தரவுக்கு மூன்று பிரதி. போன வருடத்து, அதற்கு முந்திய வருடத்துத் தரவுக்கு இரேஷர் கோடிங். ஒரே கிளஸ்டரில் இரண்டையும் வைக்கலாம், ஏனென்றால் இது கோப்புறை வாரியாகப் போடுகிற கொள்கை.

பிரதி என்பதை எங்கள் சனத்துக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இடப்பெயர்வில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைத்தவர்கள் எங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பெட்டிக்குள் மூன்று பிரதி வைத்திருந்தவர் பெட்டியோடு தொலைத்தார். ஒரு பிரதியை வெளியூரில் சொந்தக்காரரிடம் கொடுத்து வைத்தவர் தப்பினார். எச்டிஎஃப்எஸ்ஸும் சேர்வர்களை அடுக்கி வைக்கும் ராக் குறைந்தது இரண்டு இருந்தால் பிரதிகளை ஒரே ராக்கில் குவிக்காமல் பிரித்து வைப்பது இதற்காகத்தான். எந்தச் சேர்வர் எந்த ராக்கில் என்று நீங்கள் அதற்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால் எல்லாமே ஒரே ராக் என்று நினைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் விட்ட கிளஸ்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களிட்ட அஞ்சு மெசின்தான் இருக்கு. 6-3 போடலாமோ?

போட முடியாது. ஒன்பது துண்டும் ஒன்பது வேறு சேர்வர்களில் இருக்க வேண்டும். குறைந்தது ஒன்பது டேட்டாநோட் தேவை. ஐந்துக்கு 3-2 என்ற ஏற்பாடு இருக்கிறது. 600 எம்பிக்கு 1,000 எம்பி போகும், இரண்டு இழப்பைத் தாங்கும். ஆனால் ஐந்தே சேர்வர் இருக்கும்போது ஒன்று பழுதானால் மீட்ட துண்டை வைக்க ஆறாவது இடம் இல்லை. தரவு வாசிக்கலாம், ஆனால் பழையபடி முழுப் பாதுகாப்புக்கு வர அந்தச் சேர்வர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே தேவையான எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு சேர்வராவது கையில் இருந்தால் மட்டும் போடுங்கள்.

சேர்வர்களை எண்ணிவிட்டு வந்து கேளுங்கள் என்று வகுப்பில் நான் சொல்வது இதற்குத்தான்.

இரேஷர் கோடிங் போட்டனான், இடம் குறையேல்ல, கூடிட்டுது! எப்பிடி?

உங்கள் ஃபைல்கள் சின்னவை. இதை நானே பட்டு அறிந்தேன். முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் உணர்கருவிகள் அனுப்புகிற பதிவுகள் சில கேபி அளவில் லட்சக்கணக்கான ஃபைல்களாகக் கிடந்தன. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவற்றை 6-3 கோப்புறைக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை பார்த்தால் அந்தக் கோப்புறை முந்தியதைவிட மூன்றில் ஒரு பங்கு பெருத்திருந்தது.

காரணம் எளிது. இரேஷர் கோடிங்கில் தரவு 1 எம்பிக் கட்டங்களாகப் பிரிகிறது. ஃபைல் 1 எம்பியைவிடச் சின்னது என்றால் ஆறு தரவுக் கட்டத்தில் ஒன்றுதான் நிரம்பும், மற்ற ஐந்தும் இல்லை. ஆனால் சமநிலைத் துண்டு மூன்றும் அந்த ஒன்றின் அளவுக்கே எழுதப்படும். ஒன்றும் மூன்றும் நான்கு. மூன்று பிரதியில் மூன்று மடங்கு, இதில் நான்கு மடங்கு. முதலில் சின்ன ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி வருகிற மாதிரிப் பார்கே அல்லது ஓஆர்சி என்ற ஃபைல் வடிவத்தில் எழுதுங்கள், அதற்குப் பிறகு கோடிங். சின்ன ஃபைல் நேம்நோட்டின் நினைவகத்தையும் தின்னும்: ஒரு ஃபைலுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஏறத்தாழ 150 பைட் என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. லட்சங்கள் கோடிகளாகும்போது அதுவே நேம்நோட்டைப் படுக்க வைக்கும்.

கொள்கையைப் போட்டாப் பிறகு கோப்புறைக்குள்ள முதலே இருந்த ஃபைல் எல்லாம் தானா மாறுமோ?

மாறாது. கொள்கை போட்ட நேரத்திலிருந்து புதிதாக எழுதுகிற ஃபைலுக்கு மட்டும்தான். பழையவற்றைக் கொள்கை போட்ட கோப்புறைக்குப் பிரதி செய்து, சரிபார்த்து, பிறகு மூலத்தை அழிக்க வேண்டும். பெயர் மாற்றி நகர்த்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி நகர்த்தினால் ஃபைல் பழைய மூன்று பிரதியோடேயே புது இடத்தில் போய் இருக்கும். பிரதி செய்யும் காலத்தில் இரண்டும் சேர்ந்து இடம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இடையில கரண்ட் போனா என்ன நடக்கும்?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது எங்கள் ஐந்து பழைய கணினிகளோடு நான் பட்டபாட்டில் இருந்து சொல்கிறேன். ஏற்கெனவே எழுதி மூடிய ஃபைல்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எழுதிக்கொண்டிருந்த ஃபைலின் கடைசிப் பகுதி போகலாம். கரண்ட் வந்ததும் நேம்நோட் உடனே வேலை தொடங்காது. பாதுகாப்பு நிலை என்று ஒன்றில் நின்று, 99.9 வீதத் துண்டுகள் பத்திரமாக இருக்கின்றன என்று டேட்டாநோட்கள் சொல்லும்வரை எழுத விடாது. இதைப் பார்த்துப் பயந்து கையால் அந்த நிலையிலிருந்து வெளியேற்றுகிறார்கள். செய்யாதீர்கள். முதலில் எந்த டேட்டாநோட் எழும்பவில்லை என்று போய்ப் பாருங்கள். எங்கள் அறையில் பெரும்பாலும் ஒரு பவர் சப்ளை போயிருக்கும்.

இரேஷர் கோடிங் போட்ட கோப்புறையில் இன்னொரு கவனம். எழுதியதை இப்போதே டேட்டாநோட்டுக்குத் தள்ளு என்று நிரல் கொடுக்கும் கட்டளை அங்கே பலிக்காது. நிரல் வெற்றி என்று நினைத்துக்கொண்டு போய்விடும். கரண்ட் போனால் அந்தத் தரவு இல்லை. எச்பேஸ் என்ற தரவுத்தளம் மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவேடு மாதிரி, எழுதிய கணத்திலேயே பத்திரமாக இருக்க வேண்டியவற்றை ஒருநாளும் அங்கே வைக்காதீர்கள்.

இப்ப நேம்நோட் ரெண்டுக்கு மேல வைக்கலாமாம், உண்மையோ?

உண்மை. ஹடூப் 2இல் ஒன்று வேலை செய்ய ஒன்று ஆயத்தமாக நிற்கும், அவ்வளவுதான். ஒன்று பழுதாகித் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றதும் விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். 3இல் ஆயத்தமாக நிற்பவை ஒன்றுக்கு மேல் இருக்கலாம். மூன்று நேம்நோட்டும், அவற்றின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ஐந்து ஜேர்னல்நோட்டும் வைத்தால் எந்த இரண்டு போனாலும் கிளஸ்டர் ஓடும். ஜேர்னல்நோட் ஏன் ஐந்து என்றால், நேம்நோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் பெரும்பான்மை ஜேர்னல்நோட்கள் பதிந்தால்தான் அது செல்லும். மூன்றில் ஒன்றை இழக்கலாம், ஐந்தில் இரண்டை இழக்கலாம்.

மூன்று நேம்நோட்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் கொழுவியிருந்தால் இதில் ஒரு பயனும் இல்லை. காணி உறுதிக் கதைதான்.

50070 போட்டா நேம்நோட் பக்கம் வருகுதில்லை. இன்ஸ்டோல் பிழைச்சிட்டுதோ?

பிழைக்கவில்லை, போர்ட் மாறியிருக்கிறது. இப்போது 9870. டேட்டாநோட் பக்கம் 50075இல் இருந்து 9864க்கு வந்துவிட்டது. பழைய எண்கள் லினக்ஸ் தற்காலிக இணைப்புகளுக்குக் கொடுக்கிற வரம்புக்குள், அதாவது 32768இல் இருந்து ஏறத்தாழ 61000 வரைக்குள், விழுந்தன. வேறு ஏதாவது நிரல் அந்த எண்ணை முதலே பிடித்துவிட்டால் ஹடூப் எழும்பாது. அதனால் கீழே கொண்டுவந்தார்கள். நேம்நோட்டோடு நிரல்கள் பேசும் 8020ஐ மட்டும் 3.0.0இல் 9820 ஆக்கி, அடுத்த பதிப்பிலேயே பழையபடி 8020 ஆக்கிவிட்டார்கள். பழைய கட்டுரை பார்த்து 9820 போடுகிறவர்கள் கவனிக்க.

ஒரு சேர்வருக்குப் புது டிஸ்க் போட்டனான். பழைய டிஸ்க் நிரம்பி வழியுது, புதுசு வெறுமையாக் கிடக்கு.

முன்பு சமப்படுத்தும் கருவி சேர்வருக்கும் சேர்வருக்கும் இடையில்தான் தரவை நகர்த்தியது. ஒரே சேர்வருக்குள் இருக்கும் டிஸ்க்குகளைக் கவனிக்காது. 3இல் அதற்கென்றே டிஸ்க் பலன்சர் வந்திருக்கிறது. முதலில் திட்டம் போடச் சொல்லுங்கள், திட்டத்தை வாசியுங்கள், பிறகு ஓடவிடுங்கள். சேர்வரை நிறுத்தத் தேவையில்லை. ஹடூப் 3 வரிசையில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த சின்ன வசதி இதுதான், கையால் துண்டுகளை நகர்த்திய இரவுகள் ஞாபகம் இருப்பதால்.

யார்ன் பக்கம் என்ன புதுசு?

ஒன்றை விளங்கப்படுத்துகிறேன், மற்றதைப் பெயர் சொல்லி விடுகிறேன். முந்தி ஒரு வேலைக்கு ஒதுக்கிய இடம் பாவிக்கப்படாமல் கிடந்தாலும் வேறு வேலை அதில் நுழைய முடியாது. இப்போது வாய்ப்பு வரும்போது ஓடும் கொன்டெய்னர்கள் (யார்ன் ஒதுக்கும் இடங்கள்) என்று ஒரு வகை உண்டு. வவுனியா–யாழ்ப்பாண பஸ்ஸில் புக்கிங் சீட்டுக்காரர் மாங்குளத்தில்தான் ஏறுவார் என்றால், அதுவரை நிற்கிறவர் அந்தச் சீட்டில் இருந்து வரலாம். ஆள் ஏறியதும் எழும்ப வேண்டும். அதே ஏற்பாடு. எழும்பினால் மறுபடி தொடங்கக்கூடிய சின்ன வேலைகளுக்கு மட்டும் பாவியுங்கள்.

3.1இல் ஜிபியுவையும் பங்கிடத் தொடங்கியது, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகள் மாதிரி ஓட்டும் டொக்கருக்கான ஆதரவும் நன்றாக வளர்ந்தது. வேலைகளின் வரலாற்றைப் பதியும் டைம்லைன் சேவையின் இரண்டாம் பதிப்பு எச்பேஸில் சேமிக்கிறது. உங்களிடம் எச்பேஸ் இல்லையென்றால் அதற்காக மட்டும் ஒன்றைக் கட்டி எழுப்ப வேண்டாம்.

ஜாவா எது போடவேணும்?

ஹடூப் 3.0இல் இருந்து 3.4 வரை குறைந்தது 8. 3.3இல் இருந்து 11இலும் ஓடும். ஹடூப் 2 காலத்து ஜாவா 7 இருக்கும் சேர்வரில் 3 எழும்பவே எழும்பாது.

வீட்டில பழைய லாப்டொப், 8 ஜிபி ராம். டவுன்லோட் பண்ணவே டேட்டா காணாது.

3.3 வரிசையின் தொகுப்பே அரை ஜிபிக்கு மேல். வகுப்பில் பென் டிரைவில் தருகிறேன், ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கலாம். ஆனால் வாங்கியதும், ஹடூப்பை வெளியிடும் அப்பாச்சி அமைப்பின் தளத்தில் போட்டிருக்கும் 512 பிட் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கை மாறி வந்த ஃபைலில் வைரஸ் சேர்ந்திருந்தாலும், பாதி அறுந்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

8 ஜிபியில் தனிக் கணினி முறையில் நன்றாகவே ஓடும். இரேஷர் கோடிங் பழக ஒரு டேட்டாநோட் போதாது. டொக்கரில் ஐந்து சின்ன டேட்டாநோட் எழுப்பி 3-2 போட்டு, ஒன்றை நிறுத்தி, ஃபைல் இன்னும் வாசிக்கக்கூடியதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டாவதையும் நிறுத்துங்கள். மூன்றாவதை நிறுத்தும்போது வரும் பிழைச் செய்தியை ஒருமுறை கண்ணால் பார்த்தால் மறக்காது.

எல்லாரும் ஹடூப் செத்துப்போச்சு, இனிக் கிளவுட்தான் எண்டுறாங்கள். ஏன் படிக்கோணும்?

புதிதாகத் தொடங்கும் நிறுவனம் இன்று சொந்தமாக எச்டிஎஃப்எஸ் கிளஸ்டர் கட்டுவது அரிது, அது சரி. அமேசனின் எஸ்3 மாதிரி மேகச் சேமிப்பில் தரவை வைத்து ஸ்பார்க் ஓட்டுகிறார்கள். ஆனால் அந்த ஸ்பார்க் எஸ்3ஐத் தொடுவது பெரும்பாலும் ஹடூப்பின் இணைப்பி வழியாகத்தான். 3.0இல் எஸ்3கார்ட் என்று ஒன்றைச் சேர்த்தார்கள், எழுதியது பட்டியலில் உடனே தெரியாத எஸ்3இன் குறையைச் சமாளிக்க. 2020 டிசம்பரில் எஸ்3 அந்தக் குறையைத் தானே தீர்த்துக்கொண்டதும் எஸ்3கார்ட் தேவையற்றுப்போய் நீக்கப்பட்டது. மேகத்தில் வேலை செய்தாலும் இந்த உறவு விளங்கினால்தான் பிழை எங்கே என்று பிடிக்க முடியும்.

வணிகத் தொகுப்புப் பக்கமும் மாற்றம். ஹடூப்பைத் தொகுத்து விற்ற கிளவுடெரா, ஹோர்ட்டன்வொர்க்ஸ் என்ற இரண்டு கம்பனிகளும் 2019 ஜனவரியில் ஒன்றாகின. 2021 ஜனவரி முடிவிலிருந்து அவற்றின் பழைய தொகுப்புகளைத் தரவிறக்கவும் சந்தா வேண்டும். பழைய வழிகாட்டிக் கட்டுரைகளில் இருக்கும் இணைப்புகள் வேலை செய்யாதது இதனால்தான். அப்பாச்சியின் மூலத் தொகுப்பு எப்போதும் போல இலவசம்.

மிஸ், மாவட்ட வாரியாக் கூட்டினா கிளிநொச்சி ரெண்டு தரம் வருகுது! ரெண்டும் ஒரே எழுத்துத்தான்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்ட பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டியபோது எனக்கும் ஒரு நிமிடம் விளங்கவில்லை. வெளியீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எந்தப் பதிப்பில் ஓட்டினாலும் வரும். தமிழ்த் தரவோடு வேலை செய்கிற எல்லோருக்கும் இது வேண்டும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் இருக்கும் "நொ"வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ந-வுக்குப் பின்னால் ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு ஒரு வழி. ந-வுக்குப் பின்னால் எகரக் குறியும் கால் குறியும் என்று இரண்டு குறியீடு மற்ற வழி. திரையில் அச்சு அசல் ஒன்றே. கணினிக்கு முதலாவது 10 குறியீடு, இரண்டாவது 11. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், ஆகவே 30 பைட்டும் 33 பைட்டும். ஸ்பார்க் பைட்டைத்தான் ஒப்பிடும், வேறு வேறு என்றே சொல்லும். முல்லைத்தீவும் மன்னாரும் வவுனியாவும் பிரியாமல் கிளிநொச்சி மட்டும் பிரிந்தது இதனால். கொக்கிளாயும் பிரியும்.

தரவு உள்ளே வரும் வாசலிலேயே எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற யுனிகோட் ஒழுங்கு வடிவத்துக்கு மாற்றுங்கள். பைதானோடு கூடவே வரும் நூலகம் இதை ஒரு வரியில் செய்யும். ஆனால் எல்லாவற்றையும் அது தீர்க்காது. "ஸ்ரீ"யை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது. ஸ்ரீயில் தொடங்கும் பெயர்கள் எங்கள் இடாப்புகளில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுதுங்கள். ஒரு மனிதரின் பெயர் இரண்டாகப் பிரிந்தால் அவருக்கு வர வேண்டிய உதவியும் பிரிந்துபோகலாம், அல்லது வராமலே போகலாம்.

பழைய கடிதங்கள் எல்லாம் பாமினியில இருக்கு. ஹடூப் 3 வாசிக்குமோ?

வாசிக்கும், ஆனால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான். பாமினி ஒரு எழுத்துருதான்; உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். முதலில் யுனிகோடுக்கு மாற்றி, பிறகு மேலே சொன்ன ஒழுங்கு வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே ஆவணத்தில் ஆங்கிலச் சொற்களும் கலந்திருந்தால் மாற்றும் கருவி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பும். மாதிரிக்கு நூறு வரியாவது கண்ணால் பார்க்காமல் முழுவதையும் ஓட்டாதீர்கள்.

128 எம்பியில வெட்டேக்க தமிழ் எழுத்து நடுவில உடையாதோ?

நல்ல கேள்வி. சேமிப்பில் உடையும்: ஒரு எழுத்தின் முதல் பைட் ஒரு துண்டிலும் மிச்சம் அடுத்த துண்டிலும் கிடக்கலாம். ஆனால் உரை வாசிப்பான் வரி வரியாக வாசிக்கிறது. ஒரு பங்கை வாசிப்பவர் கடைசி வரி முடியும்வரை அடுத்த துண்டுக்குள்ளும் போய் வாசிப்பார். அடுத்தவர் தன் பங்கின் முதல் அரைவரியைத் தாண்டித்தான் தொடங்குவார். ஆகவே உங்கள் கணக்குக்கு முழு வரிதான் வரும்.

2இல இருந்து 3க்கு மாறேக்க எதைக் கவனிக்கோணும்? பிழைச்சாத் திரும்பி வரலாமோ?

திரும்பலாம், ஒரு விலையோடு. இரண்டு முறை பின்வாங்கல் உண்டு. தரவை வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் இறக்குவது ஒன்று. 2க்கும் 3க்கும் இடையில் அதை நம்ப வேண்டாம். மாறுவதற்கு முந்திய நிலைக்கே முழுவதுமாகப் போவது மற்றது. அதில் மாறிய பிறகு எழுதியவை எல்லாம் போய்விடும். அதனால் மாறுகிற வார இறுதியில் புதிதாக வரும் தரவை வேறு ஒரு இடத்திலும் சேர்த்து வைக்கச் சொல்வேன். ஜாவா, போர்ட் இரண்டையும் பற்றி மேலே எழுதியதை முதல் நாளே எல்லாச் சேர்வரிலும், ஃபயர்வோலிலும் சரிபாருங்கள்.

மாறி முடிந்ததும் "இறுதியாக்கு" என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். அதுவரை நீங்கள் அழிக்கிற ஃபைல்களின் துண்டுகள் டிஸ்க்கிலிருந்து போகாது, பின்வாங்க வேண்டி வந்தால் தேவைப்படும் என்று வைத்திருக்கும். இதை மறந்துவிட்டு, "அழிச்சு அழிச்சுப் பார்க்கிறன், இடம் வருகுதில்லை" என்று மூன்று வாரம் கழித்து அழைத்தவர்கள் இருக்கிறார்கள். இறுதியாக்குவதற்கு முன் இரேஷர் கோடிங்கையும் தொடக்கூடாது. பழைய பதிப்புக்கு அந்த ஃபைல்களை வாசிக்கத் தெரியாது. ஒரு கிழமை உங்கள் வழக்கமான வேலைகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள், மாதமுடிவு அறிக்கை இருந்தால் அதையும் ஒருமுறை. எண்கள் பழையதோடு பொருந்தினால் இறுதியாக்குங்கள். அதற்குப் பிறகு சேர்வர்களை எண்ணுங்கள், ஃபைல் அளவுகளைப் பாருங்கள், பழைய தரவில் ஒரே ஒரு கோப்புறையை எடுத்து 6-3ஐயோ 3-2ஐயோ போட்டுப் பாருங்கள்.